சாம்பல் விழும் மாதம்

டொங்காட்டில் ஆகஸ்ட் வந்தால்
வெளிக்கொடியில் வெள்ளைத் துணி காயப்போடக் கூடாது.
வெட்டுக்கு முன்னால் கரும்பைக் கொளுத்துவார்கள்.
தோகை எரியும், கழி நிற்கும்.
கறுப்புச் சுருள்கள் நாலு கிலோமீட்டர் பறந்து வந்து
என் வேலைக் கோட்டின் மேல்தான் உட்காரும்.

அதையே போட்டுக்கொண்டு
இரண்டு இருக்கைக்குக் காசு கேட்காத
டாக்சிக்காரனாகப் பார்த்து ஏறி
டர்பனுக்குப் போகிறேன்.
ஆஸ்பத்திரியின் அடித்தளம், பரிசோதனைக்கூடம்.
இங்கே மனிதர்கள் முழுதாக வருவதில்லை.

இன்று வந்தது ஒரு மார்பின் துண்டு.
எண் 4417. வயது ஐம்பத்தெட்டு.
பெயரை நான் தேடமாட்டேன்.
மெழுகில் பதித்து, முடியிழையைவிட மெலிதாகச் சீவி,
ஊதாவும் இளஞ்சிவப்பும் ஏற்றி
கண்ணாடிக்கு அடியில் வைத்தேன்.

கட்டி, டாக்டர் ன்டோம்பேலாவின் பாடு.
நான் எப்போதும் அதன் பக்கத்து வீட்டைப் பார்ப்பேன்.
கொழுப்பு:
சாயம் ஏறாத வெள்ளை அறைகள், தேனடை மாதிரி.
அதில் ஓர் அறையைச் சுற்றி மட்டும்
நெருக்கி நெருக்கி ஊதாப் புள்ளிகள்.
மகுடம் என்று பேர் வைத்திருக்கிறார்கள்.
செத்தவருக்கு யார் மகுடம் சூட்டுவார்?
எனக்கு அது சாவு வீட்டு மாலை.

ஊதிப்போன அறை
காற்று எட்டாமல் திணறிச் சாகிறது.
துப்புரவுக்கு வந்த செல்கள் சுற்றி உட்காருகின்றன.
முடிந்ததும் எழுந்து போகவேண்டியவை
போவதில்லை; ஒன்று முடிய அடுத்தது விழுகிறது.
வருஷக்கணக்காய்
அக்கம்பக்கத்துக்கெல்லாம் கூவுகின்றன:
காயம், காயம், ஆற்று, பெருகு, இன்னும் பெருகு.
(காயம் என்றால் உடம்பு என்றும் பொருள்.)
பக்கத்துச் செல் நம்பிவிடுகிறது.
தன்னையே பிரதி எடுக்கிறது, எடுக்கிறது,
லட்சம் தடவை பிசகாத கை
ஒரு தடவை ஓர் எழுத்தை விட்டுவிடுகிறது.

இதற்குத் தமிழில் என்ன என்று
ஒருநாள் அகராதியைப் புரட்டினேன்.
அழற்சி.
அழல் என்றால் தீ.
பெயர் வைத்தவருக்குத் தெரிந்திருக்கிறது.
காய்ச்சல் இல்லை, வலி இல்லை, புகைகூட இல்லை,
நீறு பூத்த நெருப்பு.

தேநீர் அறையில் புதுசாய் வந்த பையன் டாக்டர் சொன்னான்,
"வாயைக் கட்டியிருந்தால் இந்தப் பாடு இல்லை."
சோட்வா தன் கோப்பையில் மூன்றாவது கரண்டியை
அவனைப் பார்த்தபடியே போட்டாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்:
இரவு வேலை முடிந்து வருகிறவளுக்கு
டாக்சி நிலையத்தில் சுடச்சுடக் கிடைப்பது
கால் ரொட்டிக்குள் ஊற்றிய பீன்ஸ் கறிதான்.
இருட்டிய பிறகு எங்கள் தெருவில்
நடைப்பயிற்சி போகிறவள் யாருமில்லை.
கப்பலேறி வந்ததே சர்க்கரைக்காக;
இன்று வீட்டுக்கு இரண்டு பேருக்குச் சர்க்கரை.

நான் தொண்ணூற்றாறு கிலோ.
என் அண்ணன் சக்ரென் ஈர்க்குச்சி,
ஐம்பதில் கணையத்தில் வந்து போய்விட்டான்.
எதிர்வீட்டு பூபதியம்மாள் கதவில் பக்கவாட்டில் நுழைவாள்,
எண்பத்தொன்று, சீட்டாட்டத்தில் இன்னும் ஏமாற்றுகிறாள்.
தராசுக்கு இதெல்லாம் தெரியாது.
எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
என் வாசலில் காய்ந்த தோகை குவிந்திருக்கிறது.
கொஞ்சம் கொஞ்சமாய் அள்ளலாம்.
அள்ளிய மட்டும் லாபம்.

மூன்று தடவை தள்ளிப்போட்டேன்;
இந்த வியாழன் பத்தரை மணிக்கு
என் மார்பைப் படம் எடுக்கிறார்கள்.
அன்றைக்கு எனக்கும் ஓர் எண் கிடைக்கும்.

வீடு திரும்பினால், உள்ளே எடுக்க மறந்த
மாற்றுக் கோட்டின் தோளில் சாம்பல்.
தேய்க்கக் கூடாது, தேய்த்தால் இழுத்துக்கொள்ளும்.
காலரைப் பிடித்து ஓர் உதறு.
பாதி விழுந்தது.
மலைச்சரிவில் அடுத்த வயலுக்கு
யாரோ டார்ச் அடித்துக்கொண்டு நடக்கிறார்கள்.
நான் கோட்டை மறுபடி உதறுகிறேன்.